தங்கவயல்: பிழைக்கப் போன இடம் ஊரான கதை

பிறமொழிச் சொற்களைத் தமிழாக்குவதையே அன்றாட அலுவலாகக் கொண்டவர்கள் நாம். அகராதி காட்டும் சொல் ஒன்று. மக்கள் வழங்கும் சொல் மற்றொன்று. இரண்டில் எதனைக் கொள்வது என்ற ஐயம் எழும்போதெல்லாம் நம் நினைவுக்கு வரும் பெயர் ‘தங்கவயல்’ என்பதாகும். கோலார் சுரங்கப் பரப்புக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரில் ‘பீல்ட்ஸ்’ என்றொரு சொல் உண்டு. அதனை மேசைமுன் அமர்ந்து பெயர்த்திருந்தால், ‘சுரங்கப் பகுதி’ என்று எழுதி முடித்திருப்போம். மக்கள் வழக்கிலோ அது வயலாயிற்று. வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் ஏரும் ஏற்றமும் அறிந்து, சொந்த நிலம் மட்டும் அறியாதிருந்த மக்களின் நாவில் இப்பெயர் நிலைத்ததில் வியப்பில்லை.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மில் பலருடைய உள்ளத்தில் ஒரு கேள்வி உறங்கிக் கிடக்கிறது. பிழைக்கப் போன இடம் எப்போது நம் ஊராகிறது? இக்கேள்விக்கு விடை தேடுவோர் தங்கவயலை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், பங்காருப்பேட்டையை அடுத்து இவ்வூர் இருக்கிறது. இப்பக்கத்து மக்கள் பாறையைப் பொடித்து, நீரில் அரித்துப் பொன் எடுப்பதை 1802-ஆம் ஆண்டிலேயே ஜான் வாரன் என்னும் படை அதிகாரி கண்டு எழுதிவைத்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின், அயர்லாந்தில் பிறந்து, நியூசிலாந்துப் போர்களில் பங்குகொண்டு, பெங்களூரில் ஓய்வு பெற்றிருந்த லவேல் என்பவர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றுத் தோண்டத் தொடங்கினார். பெங்களூரின் லவேல் சாலை இவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருடைய பொருள் வளம் போதாமையால் உரிமை பிறர் கைக்கு மாறிற்று. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் பொன் படிவம் தென்பட்டது, ஊரும் பிறந்தது.

சாம்பியன் ரீப், ஊரிகம், மாரிக்குப்பம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் பெருகின. 1894-இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளை ரயில் பாதை வந்தது. சோலையார்ப்பேட்டை வழியாகத் தமிழ்க் குடும்பங்கள் திரள் திரளாக வந்து இறங்கின. வந்தவர்களில் பெரும்பாலோர் ஊர்ப்புறத்தில் சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள். சுரங்க வேலை கொடியது. ஆயினும் கூலி காசாகக் கிடைத்தது. பண்ணையாரின் முகம் பார்த்து நிற்கவேண்டியதில்லை. அந்த ஒன்றுக்காகவே இருட்டில் இறங்கியவர் பலர்.

1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து, நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து, சுரங்க இயந்திரங்களை இயக்க மின்சாரம் வந்து சேர்ந்தது. உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்றாக அந்நாளில் அது எண்ணப்பட்டது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-இல்தான்.

பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்றனர் நம்மவர். அங்கே பாறையின் வெப்பம் அறுபது பாகை செல்சியசைக் கடந்தது. மேலழுத்தத்தால் பாறை திடீரெனச் சிதறும். கூண்டில் இறங்கியவர் மாலையில் ஏறி வருவார் என்ற உறுதி எந்த வீட்டிலும் இல்லை. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இழப்பீடு வழங்க 1940-இல் மைசூர் அரசு விதிகள் வகுத்தது என்றால், அதற்கு முன் எத்தனை பேர் இருமி இருமி மாண்டிருப்பர் என்பதை நேயர்களே உணர்ந்துகொள்ளலாம்.

அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு ‘லைன்’ என்று பெயர். கணவனும் மனைவியும் குழந்தைகளும் ஒரே சிற்றறையில் உறங்கினர். ஆலைச் சங்கு ஊதினால் ஊர் எழும், ஊதினால் உறங்கும். வேளையல்லாத வேளையில் சங்கு ஒலித்தால் பெண்கள் தெருவுக்கு ஓடிவருவர். அடுத்த வீட்டின் அடுப்பு எரியாவிட்டால் இந்த வீட்டுச் சோறு அங்கே செல்லும். மாரியம்மன் திருவிழாவும், மாதா கோயில் தேரும், பௌத்த சங்கத்துக் கூட்டமும் அடுத்தடுத்த தெருக்களில் நடந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே குழாயடியில் புழங்கின.

கல்வியையும் மானத்தையும் இம்மக்கள் தாமே தேடிக்கொண்டனர். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் இங்கே ஆழ வேரூன்றியது. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்த பின் 1920-களில் இவ்வூரிலிருந்து அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீபிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தது. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் காசு சேர்த்து நூல் அச்சிட்டனர் என்பது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் தனியே எழுதத்தக்க செய்தி. 1930-இல் கைரேகை பதியவேண்டும் என்ற ஆணையைக் குற்றவாளிக்குரிய இழிவெனக் கருதி, ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்து நின்றதும் இந்த மான உணர்வினால்தான்.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் கீழ் வந்தன. 1965-இல் இச்சுரங்கத்தின் ஆழத்தில்தான், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்கள் கூடிக் கண்டறிந்தனர். 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. ஆனால் பொன் அருகிக்கொண்டே வந்தது. தொடக்க நாளில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராம் அளவில் கிடைத்த பொன், இறுதியில் மூன்று கிராம் அளவுக்குக் குறைந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கு மேல் பொன் ஈந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது.

சுரங்கம் மூடினால் ஊர் கலையும் என்பது உலக வழக்கம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அவ்வாறு வெறிச்சோடிப்போன ஊர்கள் பல. தங்கவயல் கலையவில்லை. சயனைடு கலந்த கழிவு மண் மலைபோல் குவிந்து கிடக்க, காற்றடித்தால் அதன் தூசி வீடுகளில் படிய, மக்கள் அங்கேயே இருக்கின்றனர். ஆடவரும் பெண்டிரும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, உழைத்து, இரவில் திரும்புகின்றனர். பெங்களூரிலேயே தங்கிவிட்டால் என்ன? ரயிலில் நம் எதிரே அமர்ந்திருந்த ஒரு முதியவரிடம் இதையே கேட்டோம். அவருடைய சொந்த ஊர் எதுவென்றும் வினவினோம். “எங்க தாத்தா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தாருன்னு சொல்லுவாங்க, ஐயா. அந்த ஊரு எனக்குத் தெரியாது. எங்க அப்பா இங்கேதான் கீழே போனாரு, மேலே வரலே. அவர் இருக்கிற இடம்தானே என் ஊரு?” என்றார் அவர்.

நாம் வாய் திறக்கவில்லை. அலுவலகக் கோப்புகளில் இத்தகையோரைக் குறிக்கும் சொல்லைப் பலமுறை ‘குடிபெயர்ந்தோர்’ என்று தயக்கமின்றி எழுதியவர்கள் நாம். நான்கு தலைமுறை உழைத்து, உற்றாரை அம்மண்ணுக்கே கொடுத்தவர்களுக்கு அச்சொல் பொருந்துமா? அன்று முதல் அச்சொல்லை எழுதும்போதெல்லாம் நம் பேனா சற்றே நிற்கிறது.

2018-இல் வந்த கன்னடத் திரைப்படம் ஒன்று இவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. அது கற்பனைக் கதை. உண்மைத் தங்கவயலின் கதை லைன் வீடுகளில், முதியோரின் நினைவில் இருக்கிறது. கூண்டையும் சங்கையும் அறிந்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. அங்கே உறவுடையோர் அடுத்த முறை செல்லும்போது, வீட்டுப் பெரியவர் அருகே ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். உறவு இல்லாதோர், தாம் வாழும் ஊரில் தமக்கு முன் வந்து உழைத்தவர் யாவர் என்று விசாரியுங்கள்.

நம் கையில் பட்டா இருப்பதனால் மட்டும் ஓர் இடம் ஊராகிவிடுவதில்லை. நம்மவர் வியர்வையும் அண்டை வீட்டார் அன்பும் அதில் கலக்கவேண்டும். தங்கவயல் மக்கள் அகழ்ந்தெடுத்த பொன் எங்கெங்கோ சென்றுவிட்டது. அவர்கள் ஆக்கிய ஊர் மட்டும் அவர்களிடம் எஞ்சியிருக்கிறது.