பாதியில் போனவர்களுக்காக ஒரு பேச்சு



இந்தப் பட்டமளிப்பு மேடைக்கு வருகிறவர்கள் படிப்பை முடித்தவர்களைப் பாராட்டிப் பேசுவது வழக்கம். நான் படிப்பைப் பாதியில் விட்டுப் போனவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கல்லூரி முதல்வர் கவலைப்பட வேண்டாம். எங்கே சுற்றினாலும் கடைசியில் பட்டத்துக்குத்தான் வந்து சேருவேன்.

விளையாட்டைப் பற்றி எழுதியே காலம் தள்ளுகிறவன் நான். அதனால் என் கதைகள் மைதானத்தில்தான் தொடங்கும். முதல் கதை அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்தது. அங்கே சில்வர் சிட்டி என்ற சின்ன ஊரில், பருத்தி எடுத்துப் பிழைத்த குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர் ஸ்பென்சர் ஹேவுட். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கூடைப்பந்து அணி தங்கம் வென்றபோது அவருக்கு வயது 19. அடுத்து டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு சீசன் ஆடினார். பிறகு படிப்பை விட்டுவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்.

என்.பி.ஏ. என்கிற பெரிய லீகில் அப்போது ஒரு விதி இருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகாதவரை அணியில் சேர்க்கக் கூடாது. சியாட்டில் அணி அதை மீறி ஹேவுட்டைச் சேர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971 மார்ச் 1 அன்று அங்கே ஹேவுட் ஆடலாம் என்ற உத்தரவு கிடைத்தது.

அதற்குப் பிறகு லீக் செய்த காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விதியை அடியோடு எடுக்க மனம் வராமல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். குடும்பத்தில் பணக் கஷ்டம் இருப்பதைக் காட்டினால் படிப்பை முடிக்காமலே வரலாம். 1976 வரை இந்த ஏற்பாடு இருந்தது. நீங்கள் கல்லூரியில் சேரும்போது வருமானச் சான்றிதழுக்காக வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்திருப்பீர்கள். நீங்கள் வறுமையைக் காட்டிப் படிப்புக்குள் வந்தீர்கள். அந்தப் பையன்கள் வறுமையைக் காட்டிப் படிப்பிலிருந்து வெளியே போனார்கள்.

பிறகு விதிகள் பலமுறை மாறின. 2006 முதல், 19 வயது நிரம்பி, பள்ளி முடிந்து ஓராண்டு ஆகியிருந்தால் போதும் என்று வைத்தார்கள். நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை, பணத்தாசை பிடித்துவிட்டது என்று அங்கேயும் பெரியவர்கள் புலம்பினார்கள்.

புலம்பல் சரிதானா என்று காலமே ஒரு சோதனை வைத்தது. கல்லூரி அணிகளால் டிக்கெட் விற்றது, தொலைக்காட்சிப் பணம் கோடி கோடியாக வந்தது. ஆடுகிற மாணவன் மட்டும் தன் பெயரை வைத்து ஒரு டாலர் சம்பாதிக்கக் கூடாது என்று தடை இருந்தது. 2021 ஜூலை 1 அன்று அந்தத் தடை விலகியது. அந்த ஆண்டு படிப்பை முடிக்காமல் என்.பி.ஏ. அணிகளின் ஆள் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 350 பேருக்கு மேல். 2025-இல் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் 106 பேர். கல்லூரியில் இருந்துகொண்டே கையில் காசு புரளும் என்றானதும் பையன்கள் தங்கிவிட்டார்கள். அவர்களைத் துரத்தியது பெரும்பாலும் காலிச் சட்டைப்பைதான்.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் கூடைப்பந்துக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. பெரியகுளத்திலும் கோயம்புத்தூரிலும் அகில இந்தியப் போட்டி என்றால் ஊரே கேலரியில் இருக்கும். ஆனால் நம் கல்லூரி ஆட்டக்காரனுக்கு 'புரொபஷனல்' ஆவது என்றால் கோடிக்கணக்கில் ஒப்பந்தம் கிடையாது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, போலீஸ் என்று ஏதாவது ஓர் அணியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைப்பதுதான் அவனுக்குப் பெரிய கனவு. இந்தியப் பெண்கள் அணியை 19 வயதிலேயே தலைமை தாங்கி நடத்தி, 2021-இல் பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்ட சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். ரயில்வேயில் சில பணிகளுக்கு பிளஸ் டூ போதும். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நல்ல உயரமும் நல்ல கையும் உள்ள பையனுக்கு வேலை உத்தரவு வந்தால் அவன் போகலாமா, இருக்கலாமா? அப்பாவுக்குக் கடன், தங்கைக்குக் கல்யாணம் என்று வீட்டில் நெருக்கும்போது, போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் போகிறவன் கையில் என்ன எடுத்துக்கொண்டு போகிறான் என்று கேட்பேன். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன் சத்னம் சிங், ஏழடி இரண்டங்குல உயரம். 14 வயதில் உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார். கல்லூரிப் படியே ஏறாத அவரை 2015 ஜூனில் டல்லாஸ் அணி 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. அணியால் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தான். நாடே கொண்டாடியது. ஆனால் டல்லாஸ் சட்டையில் ஒரு லீக் ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை. கீழ்நிலை லீகில் ஆடினார், ஊர் திரும்பினார், பிறகு தொழில்முறை மல்யுத்த மேடைக்குப் போனார். உழைப்பாளி, பிழைத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு கதவு மூடியபோது அடுத்த கதவையும் அந்த உடம்பை வைத்தேதான் தட்ட வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம், சென்னை தந்த இரண்டு சதுரங்க உலக சாம்பியன்களைப் பாருங்கள். விஸ்வநாதன் ஆனந்த் 1987-இல் உலக ஜூனியர் சாம்பியன், அடுத்த ஆண்டு இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். அவர் லயோலா கல்லூரியில் பி.காம். பட்டமும் வாங்கினார். குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்கே போகவில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஒருவர் முடித்தார், ஒருவர் விட்டார், இருவரும் ஜெயித்தார்கள். இதை வைத்து, படிப்பு தேவையில்லை என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். குகேஷோடு ஊர் ஊராகப் போவதற்காக, காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா தன் தொழிலை நிறுத்தினார். அம்மா சம்பாத்தியத்தில் வீடு ஓடியது. நண்பர்கள் பணம் போட்டார்கள். அந்தப் பிள்ளை பள்ளியை விட்டபோது கீழே விழுந்தால் பிடிக்க ஒரு கூட்டமே நின்றது.

நம் மாவட்டத்தில் பாதியில் போகிறவர்களுக்கு அப்படி யார் நிற்கிறார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரிதான், 68.54 சதவீதம். உங்களோடு முதலாண்டில் பெஞ்சில் உட்கார்ந்த எல்லோரும் இன்று இந்த அரங்கில் இல்லை. ஒருவன் ஓசூர் கம்பெனியில் ஷிப்டில் இருப்பான். ஒருவன் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பான். ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனியில். ஒருத்திக்கு மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள், அவளுடைய புத்தகங்கள் பரணுக்குப் போயின. இவர்கள் போனதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஆனால் ஹேவுட்டைக் கிளப்பிய அதே காரணம்தான் இவர்களையும் கிளப்பியது.

அமெரிக்காக்காரன் 2021-இல் கண்டுபிடித்ததை நம் மாநிலம் எப்போதோ தெரிந்துவைத்திருந்தது. வயிறு நிறைந்தால் பிள்ளை வகுப்பில் உட்காரும் என்று காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் மாணவர்களோடு ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். பஸ் செலவு, ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம் என்று கணக்குப் போட்டால், சிலருக்கு அந்த ஆயிரம்தான் அடுத்த செமஸ்டர்.

ஆகவே பட்டதாரிகளே, நீங்கள் இங்கே உட்கார்ந்திருப்பது உங்கள் மூளையின் பெருமை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் தங்குவதற்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். தக்காளி விலை தரையில் கிடந்த மாதத்திலும் ஃபீஸ் கட்டிய அப்பா, நூறு நாள் வேலைக் காசை எடுத்து வைத்த அம்மா, 'நான் வேலைக்குப் போறேன், நீ படி' என்ற அண்ணன், அக்கா. அந்த அண்ணனும் பாதியில் போனவர்தான்.

இப்போது பட்டத்துக்கு வருகிறேன். பாதியில் போன சிலர் திரும்பி வந்த கதைகள் இரண்டு.

வின்ஸ் கார்ட்டர் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு ஆடிவிட்டு 1998-இல் என்.பி.ஏ.வுக்குப் போனவர். விட்ட படிப்பையும் முடித்தார். 2001 மே 20 அன்று காலையில் அவருக்குப் பட்டமளிப்பு விழா, அன்றே ஃபிலடெல்ஃபியாவில் அவருடைய டொராண்டோ அணிக்கு வாழ்வா சாவா என்கிற, தொடரின் ஏழாவது ஆட்டம். விழாவுக்குப் போய்விட்டு விமானம் ஏறி ஆட்டத்துக்கு வந்தார். கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து விழவில்லை. ஒரே புள்ளியில் தோல்வி. அங்கி போடப் போனதால்தான் தோற்றோம் என்று ஏசினார்கள். அந்த ஒரு பந்துக்காக அவரை ஏசியவர்கள், அந்தப் பட்டத்துக்காக அவர் பல ஆண்டு படித்ததைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஸ்டீஃபன் கரி 2009-இல் டேவிட்சன் கல்லூரியை மூன்றாண்டோடு விட்டவர். தூரத்திலிருந்து பந்தைக் கூடையில் போடுவதில் உலகத்திலேயே மிகச் சிறந்தவர் என்று பெயர் வாங்கினார். ஆனால் அந்தக் கல்லூரியில் ஒரு கட்டுப்பாடு: பட்டம் வாங்கியவரின் சட்டை எண்ணுக்குத்தான் நிரந்தர மரியாதை. கரிக்காக விதியைத் தளர்த்தவில்லை. அவர் மீதிப் பாடங்களை முடித்து 2022-இல் சமூகவியல் பட்டம் வாங்கினார். அந்த ஜூனில் நான்காவது சாம்பியன் பட்டமும் கைக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் அவருக்காகவே தனி விழா எடுத்து, பட்டத்தையும் தந்து, 30-ஆம் எண்ணுக்கும் அந்த மரியாதையைச் செய்தார்கள். கல்லூரி தன் கண்டிப்பையும் காப்பாற்றியது, பதின்மூன்று ஆண்டு வாசலைத் திறந்தும் வைத்திருந்தது. கண்டிப்பும் கதவும் சேர்ந்தே இருக்க முடியும்.

பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தோ வீட்டுக் கஷ்டத்தாலோ டி.சி. கேட்டு வருகிற பிள்ளையிடம், எந்தெந்தத் தாள் பாக்கி, எப்போது எழுதலாம், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். பெற்றோர்களுக்கு: மூத்தவன் வேலைக்குப் போனதால் இளையவள் படித்தாள் என்றால், இனி இளையவள் சம்பாதிக்கும்போது மூத்தவனைப் படிக்கச் சொல்லுங்கள். முப்பது வயதில் தேர்வு எழுதுவது வெட்கக் கேடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பட்டதாரிகளுக்கு இன்று ராத்திரிக்குள் முடிக்க வேண்டிய ஒரு வேலை தருகிறேன். அங்கியோடு எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் போடுவீர்கள், போடுங்கள். அதற்கு முன்னால், உங்கள் வகுப்பில் பாதியில் நின்ற ஒருவருக்குப் போன் செய்யுங்கள். 'எப்படி இருக்கே' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பாக்கித் தாள்களை எழுத இன்னும் வாய்ப்பு இருக்கிறதா என்று பெரியார் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். காலவரம்பு தாண்டியிருந்தால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, விண்ணப்பம் எப்போது தருகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். பாடக் குறிப்புகளை எடைக்குப் போடாமல் அவர்களுக்குக் கொடுங்கள். முதல் சம்பளத்தில் ஒருவரின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டுங்கள். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அவர் இதே அங்கியைப் போட்டால், இன்று நீங்கள் வாங்கும் பட்டத்தில் இன்னொருவருக்கும் பங்கு கொடுத்தவர்கள் ஆவீர்கள்.