கதவு எந்தப் பக்கம் திறக்கணும்?

இன்னைக்கு ஆட்டோலிஸ்ப் பத்திப் பேசப் போறோம். ஆட்டோகேட் உள்ளேயே இருக்கிற சின்ன நிரல் மொழி இது. 1986-லேயே வந்துடுச்சு. ஆட்டோகேட் எல்டி வெச்சிருந்தவங்களுக்கு மட்டும் ரொம்ப வருஷம் கிடைக்கலை. 2024 பதிப்புல இருந்து அவங்களுக்கும் இருக்கு. விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிற சின்னச் சின்ன ஆபீஸ்ல வேலை பார்க்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு இது நேரடியாகவே உதவும்.

ஒரு கதவை எடுத்துக்குவோம். இன்சர்ட்டைக் கமாண்ட் லைன்ல ஓட்டினா வரிசையா கேட்கும்: பிளாக் பேரு, இடம், எக்ஸ் ஸ்கேல், ஒய் ஸ்கேல், சுழற்சிக் கோணம். மொத்தம் அஞ்சு கேள்வி. மாடி வீடுன்னா பத்துப் பன்னிரண்டு கதவு வரும். ஒவ்வொண்ணுக்கும் இதே அஞ்சு. சாயங்காலம் கை ஓயும்போதுதான் தப்பான எண் விழும்.

அதனால சொந்தமா ஒரு கமாண்ட் எழுதறோம். முதல்ல முடிவு பண்ண வேண்டியது, வரையறவங்ககிட்ட என்ன கேட்கறது என்பது. பலர் 'இடதா, வலதா?'ன்னு கேட்டு எழுதுவாங்க. அதுல ஒரு சிக்கல் இருக்கு. ஹால்ல நின்னு பார்த்தா இடது, ரூமுக்குள்ள நின்னு பார்த்தா அதுவே வலது. வரையறவர் ஒரு பக்கம் நினைச்சு, ஸ்கிரிப்ட் இன்னொரு பக்கம் நினைச்சா, கதவு மாறித் திறக்கும். ஆசாரி டிராயிங்கைப் பார்த்து கீல் அடிச்சுடுவார். எலக்ட்ரீஷியன் வெச்ச ஸ்விட்ச் பாக்ஸ் கதவுக்குப் பின்னாடி போய்டும். அப்புறம் சுவரை உடைக்கிற செலவு வீட்டுக்காரருக்கு.

வார்த்தைக்குப் பதிலா மூணு கிளிக் கேளுங்க. முதல் கிளிக், கீல் வர்ற மூலை. ரெண்டாவது, திறப்போட அடுத்த ஓரம். மூணாவது, கதவு எந்தப் பக்கம் திறக்கணுமோ அந்தப் பக்கம் எங்கேயாவது. முதல் ரெண்டு புள்ளியிலேயே அகலமும் கோணமும் கிடைச்சுடும். மூணாவது புள்ளி கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்து, ஒய் ஸ்கேலுக்கு பிளஸ் அல்லது மைனஸ் போட்டா போதும். பிளாக்கை 1 யூனிட் அகலத்துல, ஒரு கோடும் ஒரு வில்லுமா வரைஞ்சு வெச்சுக்கணும். வரையறவர் ஒரு எண்கூட டைப் பண்ண வேண்டாம்.

ரெண்டாவது கிளிக்குக்கு கெட்பாயின்ட்ல முதல் புள்ளியையும் கொடுங்க. மவுஸ் கூடவே ரப்பர் மாதிரி ஒரு கோடு இழுபடும். எங்கே வெக்கறோம்னு கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு கெட்பாயின்ட்டுக்கு முன்னாடியும் இனிட்கெட் 1 போடுங்க. இல்லன்னா யாராவது சும்மா என்டர் தட்டினா நில் வரும், அடுத்த வரியிலேயே ஸ்கிரிப்ட் எரர் அடிச்சு நிக்கும். ஒத்தைக் கதவா, ரெட்டைக் கதவா, ஸ்லைடிங்கா என்கிறதுக்கு மட்டும் கெட்கேவேர்ட். விருப்பங்களைச் சதுர அடைப்புக்குள்ள சாய்வுக்கோடு போட்டுப் பிரிச்சு எழுதினா அதையும் மவுஸ்லயே தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

ரூம் பேரு கேட்கறீங்களா? கெட்ஸ்ட்ரிங் சாதாரணமா ஸ்பேஸ் பாரையே என்டரா எடுத்துக்கும். 'பூஜை ரூம்'னு அடிச்சா 'பூஜை'யோட நின்னுடும். அதுக்கு ஒரு டி சேர்த்துக் கொடுக்கணும்.

கடைசியா ஒண்ணு. பிளாக் வெக்கறப்ப ஆப்ஜெக்ட் ஸ்னாப் குறுக்கே வந்து புள்ளியைப் பக்கத்துல இழுத்துடும். அதனால ஓஎஸ்மோடை 0 ஆக்கி, முடிஞ்சதும் பழைய மதிப்பைத் திருப்பி வைக்கணும். நடுவுல எஸ்கேப் அடிச்சாலும் திரும்பி வர்ற மாதிரி எரர் ஃபங்ஷன் எழுதுங்க. ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு மூணு பேர் மாறி மாறி உட்கார்ற ஆபீஸ்ல, அடுத்து வர்றவர் ஸ்னாப் இல்லாம கோடு போட்டா மூலைகள் சேரவே சேராது.

இந்த வாரம் கதவுக்கு மட்டும் எழுதிப் பாருங்க. எழுதினதும் பக்கத்து சீட்காரர்கிட்ட எதுவும் சொல்லாம கொடுங்க. அவர் எந்தக் கேள்வியில யோசிச்சு நிக்கறாரோ, அந்தக் கேள்வியை மாத்துங்க. அடுத்த எபிசோட்ல ஜன்னல்.