கைப்பேசி பெற்றோர் கையிலேயே இருக்கட்டும்
(பொன்விழாக் குடும்ப தினத்தில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)

 

2020இல் மூடியிருந்த பள்ளிவாசல்கள் மீண்டும் திறந்தபோது, இணையத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கே ஜும்ஆவில் இடம் என்ற நிலை வந்தது. ஆண்டாண்டு காலமாக நேரம் பார்த்துக் கிளம்பிப் போன அத்தாமார்கள், அன்று பிள்ளைகளின் கையை எதிர்பார்த்தார்கள். பிள்ளைகளும் குறை வைக்கவில்லை.

ஆனால் பல வீடுகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. “கொடுங்க உம்மா, நான் செய்றேன்” என்று வாங்கி, இரண்டு நிமிடத்தில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை முடிந்தது, உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிங்பாஸ் மறைச்சொல் மகனிடம், வங்கிக் கணக்கு மகளிடம். நமக்குக் கவலை இதில்தான். மறைச்சொல்லைக் கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதான் என்று பழகிப்போனவர், வங்கி அதிகாரி என்று ஒருவன் தொலைபேசியில் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

ஆகவே, கைப்பேசி அவர்கள் கையிலேயே இருக்கட்டும். விரலும் அவர்களுடையதாக இருக்கட்டும். நாம் பக்கத்தில் உட்காருவோம். முதலில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். சிங்பாஸ் செயலியைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த மொழி வசதி என்று அவர்களிடமே கேளுங்கள், நம் பெரியவர்களில் மலாய் சரளமாகப் படிப்பவர்களும் உண்டு.

தொடங்குவதற்கு சிடிசி பற்றுச்சீட்டு நல்லது. வீட்டில் ஒருவர் சிங்பாஸ் மூலம் பெற்றுக்கொண்டதும் இணைப்பு கைப்பேசிக்கு வந்துவிடும். கடையில் நின்று 2, 5, 10 வெள்ளி என்று தேவையானதைத் தேர்ந்து, கியூஆர் குறியீட்டைக் கடைக்காரரிடம் காட்ட வேண்டியதுதான். காய்கறியும் மீனும் கைக்கு வந்துவிட்டால் அந்தப் பாடம் மறக்காது. ‘ஸ்க்ரோல்’ செய்யுங்கள் என்றால் விளங்காது. “விரலால மேல தள்ளுங்க” என்றால் போதும். இதனால் நம் பிள்ளைகளின் தமிழும் கொஞ்சம் தேறும்!

மூன்றாம் முறை கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். நமக்கு அலிஃப், பே எத்தனை முறை சொல்லித் தந்தார்கள்?

மோசடித் தடுப்பு உதவி எண் 1799. இன்றே அவர்கள் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள். பணத்தை மாற்றி அனுப்பச் சொல்லி எந்த அரசாங்க அதிகாரியும் தொலைபேசியில் கேட்பதில்லை என்பதையும் சொல்லி வையுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரும் நம்மிடையே இருக்கிறார்கள். மதிய உணவுக்குப் பின் வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். கைப்பேசியோடு வாருங்கள். மறைச்சொல்லை மட்டும் எங்களிடமும் சொல்லாதீர்கள்.

வஸ்ஸலாம்.