அம்மன் காசும் அரசுப் பள்ளியும்

(புதுக்கோட்டை மாவட்டக் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



நம் சமஸ்தானத்தின் அம்மன் காசைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சிறிய செப்புக்காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. தொண்டைமான் மன்னர்கள் தம்மைப் ‘பிரகதாம்பாள் தாஸ்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். அம்மன் பெயரால் ஆட்சி நடந்தது.

அதே சமஸ்தானத்தில் ஆவூர் மாதா கோயிலும் காட்டுபாவா பள்ளிவாசலும் இருந்தன. அங்கே வழிபட்டவர்களும் அதே காசைத்தான் மடியில் முடிந்துகொண்டார்கள். மன்னர் நல்லவராக இருந்தால் அவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் அது தயவு, உரிமை அன்று.

1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் அந்தத் தயவை உரிமையாக்கியது. அதன் 28-ஆம் பிரிவு நம்மிடமே பேசுகிறது. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியிலும், பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது.

இதனால் சமயத்துக்குக் குறை வந்ததா? திருக்கோகர்ணத்தில் பூசை நிற்கவில்லை. அரசின் முத்திரை இல்லாமலே மக்களின் பக்தி கோயிலைக் காக்கிறது.

பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறொன்றைச் சொல்கிறேன். காலை வணக்கக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த பக்திப்பாடல் ஒன்றை எல்லாரையும் பாட வைத்தேன். ஒரு மாணவி மட்டும் வாய் திறக்கவில்லை. “ஏம்மா பாடல?” என்று அதட்டினேன். “எங்க வீட்டுல இந்தச் சாமி கும்பிட மாட்டோம் சார்” என்றாள், தலை நிமிராமல். அவளுக்குக் கலெக்டரைத் தெரியாது, அமைச்சரைத் தெரியாது. அவள் அறிந்த அரசாங்கம் நான்தான். அந்த அரசாங்கம் அன்று அவளை அந்நியமாக்கிவிட்டது.

சமயங்களைப் பற்றிச் சொல்லித்தர நமக்குத் தடையில்லை. சித்தன்னவாசலில் சமணத்தை விளக்கலாம். திருக்கோகர்ணம், ஆவூர், காட்டுபாவா மூன்றுக்கும் களப்பயணம் போகலாம். அது வரலாறு, பண்பாடு. “கைகூப்பு” என்று கட்டளையிடும்போதுதான் எல்லை மீறுகிறோம்.

நம் வீட்டுப் பூசையறை நம்முடையது. வகுப்பறை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. நாளைக் காலைக் கூட்டத்தில் வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளை யாரேனும் உண்டா என்று பாருங்கள். இருந்தால், மாற்ற வேண்டியது பாடலையா, பிள்ளையையா என்று யோசியுங்கள்.