வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்போம்

நான் பத்தாவது வரை படித்தவள். மனசுல பட்டதைச் சொல்றேன்.

நம்ம கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசுகிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் தினம் சீண்டி அழ வைக்கிறதைப் பற்றிப் பேசுவதில்லை. "பிள்ளைங்க விளையாட்டு"னு விட்டுவிடுகிறோம்.

நம்ம சிதம்பரத்தில் 1996 நவம்பரில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்த நாவரசு என்ற பையனை, ராகிங் செய்த மூத்த மாணவர் ஒருவர் கொன்றுவிட்டார். கடலூர் நீதிமன்றம் 1998-ல் தண்டனை கொடுத்தது. 2001-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தண்டனையை உறுதி செய்தது. அந்தச் சாவுக்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது.

அது பெரிய படிப்பு படிக்கிற இடம், நம்ம ஆரம்பப் பள்ளிக்கு என்ன சம்பந்தம்னு கேட்கலாம். எளியவனை மிரட்டுவதும், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதும் சின்ன வகுப்பிலேயே இருக்கு. நாம தடுக்க முடிகிற வயசும் அதுதான்.

பென்சிலுக்கு ரெண்டு பிள்ளைங்க சண்டை போட்டு மறுநாள் கூடிக்கொண்டால் அது சண்டை. ஒரே பிள்ளையை, திருப்பிக் கேட்க முடியாத பிள்ளையை, திரும்பத் திரும்பச் செய்தால் அது கொடுமை.

எங்க குழுவில் கருவாடு வியாபாரம் செய்கிறோம். மூணாவது படிக்கிற என் மகளை வகுப்பில் "கருவாடு, கருவாடு" என்று கூப்பிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். தினமும் காலையில் வயிறு வலிக்குதுன்னு அழுதாள். சனி, ஞாயிறு மட்டும் வலி வரலை. அதை வைத்துதான் கண்டுபிடித்தேன். மடியில் உட்கார வைத்து, திட்டாமல் கேட்டேன். எல்லாம் சொன்னாள்.

அந்தப் பிள்ளைகள் வீட்டு வாசலில் போய் நான் சண்டை போடலை. போட்டிருந்தால் அது தெருச் சண்டையாகி, மறுநாள் என் பிள்ளைக்குத்தான் கூடுதல் அடி விழும். டீச்சரிடம் என்ன நடந்தது, எந்த நாள் என்று எழுதிக்கொண்டு போய்ச் சொன்னேன். டீச்சர் எல்லோர் முன்னாலும் என் மகள் பேரைச் சொல்லாமல், அந்தப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஒரு வாரம் ஆகியும் முழுசா நிற்கலை. கடைசியில் நிறுத்தியது பக்கத்து பெஞ்சுப் பிள்ளைதான். "நான் இவகூட உட்காருறேன்"னு புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சிரிக்க ஆள் குறைந்தது, கேலியும் நின்றது.

ஃபின்லாந்து நாட்டுப் பள்ளிகளில் "கிவா" என்று ஒரு திட்டம் இருக்கு. அதிலும் சுற்றி நின்று பார்க்கிற பிள்ளைகளுக்குத்தான் முக்கியமாகச் சொல்லித் தருகிறார்கள். அதனால் "யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்பதோடு, "இன்னைக்கு யார் தனியா உட்கார்ந்திருந்தா? நீ கூப்பிட்டியா?" என்றும் நம்ம பிள்ளைகளைக் கேட்போம்.

நம்ம பிள்ளையே அடுத்த பிள்ளையைச் சீண்டுதுன்னு புகார் வந்தால், "எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்ல"னு மல்லுக்கு நிற்க வேண்டாம். அடித்துத் திருத்தவும் வேண்டாம். அடி வாங்குகிற பிள்ளை அடிக்கத்தான் கற்றுக்கொள்ளும். சாதிப் பேச்சை வீட்டில் பேசினால் அது வகுப்பறைக்குப் போகும். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில், தன்னைக் கொடுமை செய்ததைச் சொன்ன மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதனால் புகார் வாங்கினால் மட்டும் போதாது, சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பும் கொடுக்கணும்.

நமக்கு உரிமையும் இருக்கு. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளியில் பிள்ளையை அடிக்கவோ, மனசு நோகத் துன்புறுத்தவோ கூடாது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் போகாமல், கழிவறைப் பக்கமும், சாப்பாட்டு வரிசையிலும், இடைவேளையிலும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். பெரியவர்கள் கண் இல்லாத இடத்தில்தான் இதெல்லாம் நடக்குது. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. காசு கிடையாது. பிள்ளைகளும் மனப்பாடம் செய்யட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைத் தீர்மான நோட்டில் எழுதி, ரெண்டு பேரைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தவணை கட்டாத உறுப்பினர் வீட்டுக்குச் சேர்ந்து போகிற நாம, அழுகிற பிள்ளைக்காகவும் சேர்ந்து போகலாம்.