ஊரும் உத்தியோகமும்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், என் அலுவலக மேசைமீது ஒரு சுற்றறிக்கை வந்து கிடந்தது. சென்னையில் மொழிபெயர்ப்பாளர் பதவி ஒன்று காலியாக இருப்பதாகவும், அங்கே மாறுதல் வேண்டுவோர் பதினைந்து நாட்களுக்குள் விருப்பம் தெரிவிக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. பிறர் எழுதியதைப் பொருள் உணர்ந்து வேறு மொழியில் தருவதே என் தொழில். ஆயினும் அந்த நான்கு வரிகளைப் பத்துத் தடவை படித்தும், அவை எனக்கு என்ன சொல்கின்றன என்பது விளங்கவில்லை.

நேயர்களே! தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்கின்ற நம்மில் பலருக்கு இத்தகைய தாள் ஏதேனும் ஒரு வடிவில் வந்து சேர்ந்திருக்கும். சிலருக்கு அது மாறுதல் உத்தரவு. சிலருக்கு நள்ளிரவில் ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு. வேறு சிலருக்கு ஓய்வு பெறும் நாள். பெற்றோர் அருகே போய்விடுவதா, வந்த இடத்திலேயே இருந்துவிடுவதா என்ற கேள்வி அப்போதுதான் கூர்மையாக எழுகிறது. அதில் நான் பட்ட பாட்டைச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

அம்பாசமுத்திரத்துக்கு அருகில், தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர் எங்கள் ஊர். என் தந்தை அஞ்சல் துறையில் பணியாற்றி மறைந்தவர். தாய்க்கு இப்போது வயது எழுபத்து நான்கு. நான் ஒரே மகள். மணமாகித் தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. கணவருக்கும் இங்கேதான் வேலை. நான் மகனாகப் பிறந்திருந்தால், தாயைத் தனியே விட்டுவிட்டு வடக்கே என்ன பிழைப்பு என்று ஊரார் கேட்டிருப்பார்கள். மகளிடம் அவ்வாறு யாரும் கேட்பதில்லை. கட்டிக்கொடுத்த பெண்தானே என்று அவர்களே சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். சட்டம் அத்தகைய சலுகை எதையும் எனக்குத் தரவில்லை. முதுமையுற்ற பெற்றோரைப் பேணும் கடமையை 1956-ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு மற்றும் பராமரிப்புச் சட்டமும், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டமும் மகன், மகள் இருவர்மீதும் ஒன்றாகவே சுமத்துகின்றன. ஆனால் சட்டம் கேட்பது பராமரிப்பைத்தான்; பக்கத்தில் இருப்பதை அன்று. நான் அனுப்பும் பணத்தை என் தாய் தொடுவதே இல்லை. குடும்ப ஓய்வூதியமே அவருக்குப் போதுமாக இருக்கிறது. நான் அனுப்பியது பேத்தியின் பெயரில் வைப்புத்தொகையாகி எங்களிடமே திரும்பி வருகிறது!

அப்படியானால் தாயை இங்கே அழைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தேன். 2019-ஆம் ஆண்டு ஐப்பசியில் அவரை அழைத்து வந்தேன். இராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பு மூன்றாம் மாடியில் இருந்தது. மலை மந்திர் அருகிலேயே இருந்ததால் அவருக்குப் பொழுது போய்விடும் என்று எண்ணினேன். மார்கழிக் குளிரில், எந்த நேரத்தில் எந்தச் சாளரத்தில் வெயில் விழும் என்பதே அவருடைய முதற்கவலையாயிற்று. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மாவில், மாடிப்படியின் முகப்பில் விடியலில் கோலம் இடுவார். எட்டு மணிக்கு வரும் துப்புரவுப் பெண் பினாயில் ஊற்றி அதைத் துடைத்துவிடுவாள். நான்கு நாள் பொறுத்த அம்மா, ஐந்தாம் நாள் அவளிடம் தமிழிலேயே ஏதோ சொன்னார். அவள் இந்தியிலே ஏதோ பதில் சொன்னாள். இருமொழியும் அறிந்த நான் உள்ளே குளித்துக்கொண்டிருந்தேன். என் உதவி தேவைப்படவில்லை. மறுநாள் முதல் அந்தப் பெண் கோலத்தை விட்டுச் சுற்றிலும் துடைத்தாள்.

இவ்வளவு பழகியும் தை பிறந்ததும் அம்மா பெட்டியைக் கட்டிவிட்டார். "இங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா என்னைத் தேடி ஒரு ஆளும் வரலையே" என்றார். அந்தச் சொல்லை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். ஊரில் அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அஞ்சலகப் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு என் தந்தையைப் போலவே அவரும் நிரப்பிக் கொடுப்பார். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்தியச் சமையல் சொல்லிக் கொடுக்க வேண்டும். உறை மோருக்கு ஒருத்தி வருவாள். தில்லியில் நாங்கள் அவருக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்தோம். அவர் செய்வதற்குத்தான் எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் ஊர் திரும்பிய இரண்டாம் மாதம், 2020 மார்ச்சில், நாடெங்கும் பொதுமுடக்கம் வந்தது. ரயில்கள் நின்றன, உள்நாட்டு விமானங்கள் மே 25-ஆம் தேதி வரை பறக்கவில்லை. என் வாழ்க்கையில் தூரம் என்பது அந்நாட்களில் கனத்ததைப் போல் வேறெப்போதும் கனத்ததில்லை. எனினும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையிலிருந்த என் சிற்றப்பா மகனும் மாவட்ட எல்லையைத் தாண்ட இணையவழி அனுமதி கேட்டுக் காத்திருந்தான். அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவர் எதிர்வீட்டு மதினிதான்.

இந்த நினைவுகளோடுதான் சுற்றறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து வாரம் இருமுறை புறப்படும் திருக்குறள் விரைவு வண்டியில் திருநெல்வேலி போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு நாட்கள் ஆகும். சென்னையிலிருந்து 650 கிலோமீட்டர். ஓர் இரவுப் பயணம். ஆயினும் அவசரம் என்று வந்துவிட்டால், பணத்தைப் பாராமல் விமானத்தில் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ இறங்கி, அங்கிருந்து மூன்று நான்கு மணி நேரத்தில் ஊர் போய்விடலாம். காலையில் தில்லியில் புறப்பட்டவள் அன்று மாலை அம்மாவின் கட்டிலருகே இருக்கலாம். அப்படியிருக்கச் சென்னைக்குப் போவதால் மிஞ்சுவது சில மணி நேரந்தானே என்று தோன்றியது.

இப்படிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணக்கின் பிழை எனக்குத் தெரிந்தது. நான் அளந்ததெல்லாம் ஒரே ஒரு நாளைத்தான். அந்த இறுதி நாளை. அந்நாளில் போய்ச் சேர முடியுமா என்பதைக் கொண்டே தூரத்தையும் அருகாமையையும் நாம் தீர்மானிக்கிறோம். முதியவர்களோ அந்த ஒரு நாளிலா வாழ்கிறார்கள்? எரிவாயு உருளையை மாற்ற வேண்டிய நாள், விளக்கு எரியாமற்போன நாள், நவம்பர் தோறும் உயிருடன் இருப்பதாகச் சான்று கொடுக்கப் போகும் நாள், இவையல்லவா அவர்களுடைய நாட்கள்? 2014 முதல் அச்சான்றை விரல்ரேகை வைத்து மின்னணு முறையில் தரலாம். ஆனால் தேய்ந்துபோன விரலின் ரேகை மூன்று தடவை பதியாமற்போகும்போது, இன்னொரு தடவை வைத்துப் பாருங்கள் என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் வேண்டும். இந்த நாட்களுக்குத் தில்லியும் தூரம், சென்னையும் தூரம். கூப்பிடு தொலைவு ஒன்றே அருகு.

அவ்வாண்டு ஆடியில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். என் தாய் ஒரு கண்ணுக்குப் புரை நீக்கும் சிகிச்சை செய்துகொண்டார். எனக்குத் தெரிந்தது இருபது நாள் கழித்துத்தான். நாள்தோறும் காணொளி அழைப்பில் முகம் பார்த்துப் பேசுகிறவள் நான். "வெயிலுக்குக் கண்ணாடி போட்டிருக்கேன்" என்ற சொல்லை அப்படியே நம்பினேன். ஒரு நாளைக்குப் பல முறை மதினி வந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று நான் அழுதபோது, "சொன்னா நீ வேலையப் போட்டுட்டு ஓடி வருவ. வந்து என்னத்தச் செய்யப் போற? சொட்டு மருந்துதான?" என்றார். எனக்குக் கோபமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கலைப் பாடம் படித்தவள் ஆதலால் எனக்கு ஒரு பழைய இலக்கணச் செய்தி நினைவுக்கு வருவதுண்டு. கல்வி, தூது, போர், பொருள் என்று பிரிவுக்குரிய காரணங்களைத் தொல்காப்பியர் வகுத்துக் காட்டுகிறார். புறப்பட்டவன் பயணத்தை நிறுத்தி வைப்பதும் உண்டு. அதைச் செலவழுங்கல் என்பர். ஆனால் அது போகாமல் இருந்துவிடுவதற்காக அன்று என்றும், வருந்தி நிற்பவரைத் தேற்றிவிட்டுப் போவதற்காகவே என்றும் அவர் விளக்கிவிடுகிறார். இதைப் படித்த நாளில் அது காதலனின் தந்திரமாகத் தோன்றியது. இன்று தோன்றுவது வேறு. தேற்றுவதற்குரிய அந்தக் காலத்தை எடுத்துக்கொள்ளாமலேயே நாமெல்லாம் வண்டியேறிவிட்டோமோ?

ஊருக்குப் போய்விடுவது தவறு என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். என்னோடு பணியாற்றிய ஒருவருடைய தந்தைக்கு நினைவு தப்பத் தொடங்கியது. நண்பர் பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே இடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதுவே சரி. வீட்டு வாசலைத் தாண்டியவர்க்குத் திரும்பி வர வழி தெரியாதபோது எதிர்வீட்டார் என்ன செய்ய முடியும்? சாதாரண நாளே நடத்த முடியாத நாளாகிவிட்டால் பிள்ளை போய்த்தான் ஆக வேண்டும். அந்த எல்லை என் வீட்டிலும் ஒரு நாள் வரலாம். வந்தால் அம்மா சொல்லமாட்டார். அவருடைய வாக்கியங்களை மொழிபெயர்ப்பதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பதைக் கண் சிகிச்சையிலேயே பார்த்துவிட்டேன். ஆகவே மதினியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், "அம்மா மறைத்தாலும் நீங்கள் மறைக்கக் கூடாது" என்று.

படிவம் கொடுக்க மூன்று நாள் இருக்கையில்தான் எனக்குத் தோன்றியது: இத்தனை நாள் யோசித்தவள் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே! கேட்டேன். மெட்ராஸுக்கு வந்தால் நல்லதுதானே என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை பத்தாங்கிளாஸ் படிக்கா. அவளை எதுக்கு அலைக்கழிக்க? நீ ஒண்ணு செய். எல்லாரும் வார பொங்கலுக்கு வராத. எல்லாரும் போன பெறவு வா. மழைக் காலத்துல வா. அப்பத்தான் வீட்டுல சத்தமே இருக்காது" என்றார்.

சென்னைக்கு நான் விருப்பம் தெரிவிக்கவில்லை. மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு உண்டு. ஓய்வு பெறும்போது காசாக்கிக்கொள்ளலாம் என்று 300 நாள் வரை அதைச் சேர்த்து வைப்பதில் நமக்கெல்லாம் ஒரு தனி ஆனந்தம், நானும் விலக்கல்ல. சேர்த்ததிலிருந்து பதினைந்து நாளை எடுத்துக்கொண்டு கார்த்திகையில் போனேன். பண்டிகை ஏதும் இல்லாத நாட்கள். முதல் இரண்டு நாளும் அம்மா என்னை விருந்தாளியாக நடத்தினார். மூன்றாம் நாள், மழை விட்ட நேரத்தில், சமையலறைக் கூரையில் ஒழுகும் ஓட்டைக் காட்டி, "ஆள் வரச் சொல்லிருக்கேன், ஏணியைப் பிடிச்சுக்க" என்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.