உறுதிமொழியில் இல்லாத சொல்

(திருப்பூரில் மருத்துவ மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



மருத்துவக் கல்லூரியில் தொழில் ஒழுக்கம், அறம், மாணவர் நலம் - இந்த மூன்றைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு பேங்க்கில் கிளார்க். ஆனாலும் இது டாக்டர்கள் மட்டும் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்கிற விஷயம் இல்லைங்க. நாடி பிடிக்கிற கை எப்படிப் பழக்கப்படுகிறது என்று கேட்க, கையை நீட்டுகிறவனுக்கும் உரிமை உண்டு.

2022 ஏப்ரல் கடைசியில் மதுரை மருத்துவக் கல்லூரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முதலாண்டு மாணவர்கள் வழக்கமான உறுதிமொழிக்குப் பதிலாக சரகர் பெயரிலான உறுதிமொழியை எடுத்தார்கள். பெரிய கண்டனம் எழுந்தது. டீன் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார். சில நாளில் திரும்பவும் பொறுப்புக்கு வந்தார். அத்தோடு விவகாரம் முடிந்தது.

கண்டித்தது சரிதான். சரக சம்ஹிதையை எடுத்துப் பாருங்கள். மருத்துவம் படிக்கத் தகுதியுள்ளவர்கள் என்று அது வரிசைப்படுத்துவது பிராமணர், சத்திரியர், வைசியர். மாணவனுக்குச் சொல்லும் அறிவுரையில், பசுவும் பிராமணரும் முதலாக எல்லா உயிர்களின் நலனுக்கும் வேண்டிக்கொள் என்கிறது. 2022இல் மாணவர்கள் கையில் கொடுத்த தாளில் இதெல்லாம் இல்லை. ஆனால் எந்த வீட்டிலிருந்து எடுத்து வந்த விளக்கு அது என்று நாம் கேட்கத்தானே வேண்டும்?

சரி, அந்த உறுதிமொழி வேண்டாம். நாம் காப்பாற்றிய மற்ற உறுதிமொழியில் என்ன இருக்கிறது? அதை யாராவது வாசித்துப் பார்த்தோமா?

நாஜி மருத்துவர்கள் மனிதர்களை வைத்துச் செய்த கொடுமைகள் வெளிவந்த பிறகு, 1948இல் உலக மருத்துவச் சங்கம் ஜெனீவாப் பிரகடனத்தை உருவாக்கியது. மதம், தேசம், இனம், கட்சி அரசியல், சமூக நிலை எதுவும் எனக்கும் நோயாளிக்கும் நடுவே வராது என்பது அதன் சாரம். நம்ம இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் கொண்டுவந்த நடத்தை விதிகளிலும் அந்தப் பட்டியலே வந்தது. மதம் இருக்கிறது, இனம் இருக்கிறது, கட்சி கூட இருக்கிறது. சாதி என்ற சொல் இல்லை! 'சமூக நிலை' என்பதற்குள் அடங்கிவிட்டதாம். ஜெனீவாக்காரனுக்குச் சாதி தெரியாது, மன்னிக்கலாம். டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குமா தெரியாது?

சொல் இல்லாததால் என்ன கெட்டுப்போய்விட்டது என்று கேட்பீர்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அம்பேத்கர் எழுதிய குறிப்புகளில் ஒரு சம்பவம் வருகிறது. 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்த கடிதம் அது. கத்தியவாரில் தீண்டப்படாத சமூகத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியது. அவருடைய மனைவிக்குப் பிரசவத்துக்குப் பின் உடம்பு மோசமாகிவிட்டது. டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, பணமும் பேசி, அந்த அம்மாவை வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று வருகிறார். வந்தவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைக்கிறார். வந்த வழியே தெர்மாமீட்டர் திரும்பிப் போகிறது. தொடாமலே, நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். மறுபடி வரவில்லை. அந்த அம்மா செத்துப்போனார்.

அந்த டாக்டர் படிக்காதவரா? நோயைக் கண்டுபிடித்துச் சொன்னாரே. அவருக்குப் பாடம் தெரியும், தெர்மாமீட்டர் வாசிக்கத் தெரியும். தொடத்தான் தெரியவில்லை. எந்தக் கல்லூரி அவருக்குப் பட்டம் கொடுத்ததோ, அந்தக் கல்லூரி இந்த ஒன்றை மட்டும் சோதிக்காமல் வெளியே அனுப்பிவிட்டது.

இது தொண்ணூறு வருடத்துக்கு முந்தின கதை என்பார்கள். அப்படியானால் நம் காலத்துக்கு வருவோம்.

டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரிக்க 2006இல் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2007இல் அறிக்கை வந்தது. விசாரிக்கப்பட்ட அந்த மாணவர்களில் 72 சதவீதம் பேர் வகுப்பறையில் ஏதோ ஒரு பாகுபாட்டைச் சொன்னார்கள். செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் மதிப்பீடு நியாயமாக இல்லை என்று 84 சதவீதம் பேர் சொன்னார்கள். விடுதியில் தொல்லை தாங்காமல் அறை மாறி மாறி, கடைசியில் சில தளங்களில் இவர்களே சேர்ந்து கிடந்தார்கள். சாப்பாட்டு மேசையில், விளையாட்டில் ஒதுக்கம். நாட்டின் தலைசிறந்த மருத்துவ நிறுவனத்தின் விடுதிக்குள் ஒரு சேரி உருவாகியிருந்தது. நம்ம கொங்கு நாட்டு டீக்கடையில் இருந்த இரட்டைக் குவளை வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு டெல்லிக்குப் போயிருந்தது.

மெஸ்ஸில் பக்கத்துத் தட்டைப் பார்த்து நகர்ந்து உட்காருகிறவன், நாளைக்கு வார்டில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து நகர மாட்டான் என்று என்ன உத்தரவாதம்? நோயாளியிடம் காட்டும் அறம் விடுதியில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

இப்போது என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். பேங்க்கில் நூறு ரூபாய் வவுச்சராக இருந்தாலும், எழுதியவரே அதை பாஸ் பண்ண முடியாது. இன்னொரு ஆள் பார்க்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம் ஆடிட் வேறு. கிளார்க் திருடன் என்று நினைத்து வைத்த ஏற்பாடு இல்லைங்க. ஒருவர் கையில் முழு அதிகாரமும் இருந்தால் நல்லவரும் தடுமாறுவார் என்பதால் வைத்தது. நூறு ரூபாய்க்கு இவ்வளவு காபந்து! ஒரு மாணவரின் ஐந்து வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கிற வைவாவில் என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னார் என்பதற்கு ஒரு வவுச்சர் உண்டா? அப்பா என்ன வேலை, எந்த ஊர், எந்தக் கோட்டாவில் வந்தாய் என்று கேட்டது எந்தத் தாளில் பதிவாகிறது?

சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்த தலித் மாணவர் ஜஸ்ப்ரீத் சிங். சமூக மருத்துவப் பாடத்தில் தோற்றதாகச் சொன்னார்கள். பாடத்தின் பெயரைக் கவனியுங்கள். 2008 ஜனவரியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறகு அந்த விடைத்தாளை மறுபடி திருத்தினார்கள். அவர் தேறியிருந்தார்.

டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த வர்த்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியில், உடலியங்கியல் பாடத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கப்பட்டார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்ற உத்தரவின்படி தேர்வு வைத்தபோது பெரும்பாலோர் தேறினார்கள். பிறகு பால்சந்திர முங்கேகர் விசாரித்தார். சாதிப் பாகுபாடு நடந்ததாகவே அவர் அறிக்கை சொன்னது.

தகுதி, திறமை என்று நம்மிடம் ஓயாமல் பேசுகிறார்களே, அவர்களைக் கேளுங்கள்: இந்த இரண்டு இடத்திலும் தகுதிக் குறைவு யாரிடம் இருந்தது? தேர்வு எழுதியவர்களிடமா, திருத்தியவர்களிடமா? செக்கிங்கில் நல்ல பீஸை டேமேஜ் என்று ஒதுக்கினால், பனியன் கம்பெனியில் செக்கிங்காரரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கல்லூரியில் பீஸைத்தான் குப்பையில் போடுகிறார்கள்.

அடுத்தது மாணவர் நலம். இது இப்போது எல்லாருக்கும் பிடித்த வார்த்தை. யோகா வகுப்பு வைக்கிறார்கள், மன அழுத்தம் பற்றிச் சொற்பொழிவு வைக்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழுவின் அறிக்கை 2024இல் வந்தது. இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். முதுநிலை மாணவர்களில் 31 சதவீதத்துக்கு மேல் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். மூன்றில் ஒருவர் என்று வையுங்கள்.

இவர்களுக்கு அந்தக் குழு என்ன சொன்னது? முதுநிலை மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்காதே, வாரம் ஒரு நாள் விடுப்பு கொடு என்றது. திருப்பூர்க்காரர்களே, இதைக் கொஞ்சம் கணக்குப் போடுங்க. சட்டப்படி பனியன் கம்பெனியில் வாரத்துக்கு 48 மணி நேரம். ஒன்றரை ஷிப்ட் ஆறு நாள் ஓட்டினால் 72. நாம் கொடுமை என்று போராடுகிற ஒன்றரை ஷிப்டைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக இருப்பதுதான் டாக்டர்களுக்குச் சலுகை! 1992இலேயே மத்திய அரசு உறைவிட மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று எழுதி வைத்தது. எழுதினது எழுதினபடி இருக்கிறது. தூங்காதவன் ஊசி போடுகிறான். ஊசி குத்துவது நம்ம உடம்பில்.

எல்லாரும் தூங்காமல் இருக்கிற வார்டில் யார் அதிகம் தூங்காமல் இருப்பார்கள்? டூட்டி பட்டியல் போடுகிறவர் கையில் இருக்கிறது அது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் நாவரசு கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அவர் ஒரு துணைவேந்தரின் மகன். அந்த வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி என்றால், கேட்க நாதியற்ற பிள்ளைக்கு? மும்பை நாயர் ஆஸ்பத்திரியில் மகப்பேறு முதுகலை படித்த பாயல் தாட்வி பழங்குடி வீட்டுப் பெண். 2019 மே மாதம் இறந்தார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. மூத்த பெண் மருத்துவர்கள் மூன்று பேர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் கைதானார்கள். அதே ஆண்டு பாயலின் அம்மாவும் ரோஹித் வெமுலாவின் அம்மாவும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். நம்ம அம்மாக்கள் மகனும் மகளும் போன பிறகு மனு எழுதக் கற்றுக்கொள்கிறார்கள்.

திருப்பூரிலும் இந்த வலி உண்டு. 2016 ஜூலையில், எய்ம்ஸில் முதுகலை சேர்ந்து சில நாளே ஆன நம்மூர் மருத்துவர் ஒருவர் டெல்லியில் இறந்தார். தற்கொலை என்பதை அவர் குடும்பம் ஏற்கவில்லை. 2018 ஜனவரியில் அங்கே முதுகலை படித்த இன்னொரு திருப்பூர் மாணவரும் இறந்தார். அவர்கள் என்ன சாதி என்பது இங்கே கேள்வியில்லை. தூரத்து ஊருக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே யார் இருக்கிறார் என்பதே கேள்வி.

2022இல் திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. வருடம் நூறு இடம். பவர் டேபிளில் உட்காருகிறவர் மகளும், கைமடிக்கிற அம்மாவின் மகனும் அங்கே வரத்தான் போகிறார்கள். ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

ஒன்று, உறுதிமொழியில் சாதி என்ற சொல் வரட்டும். வாயால் சொல்ல வைக்கட்டும். இரண்டு, வைவாவில் கேட்ட கேள்வியும் கொடுத்த மதிப்பெண்ணும் எழுத்தில் பதிவாகட்டும். குடும்பத்தைப் பற்றிய கேள்விக்கு அங்கே இடமில்லை. மூன்று, டூட்டி பட்டியலைச் சுவரில் ஒட்டட்டும். யாருக்கு எத்தனை இரவு என்று எல்லாரும் எண்ணிப் பார்க்கலாம். நான்கு, புகார்க் குழுவில் அந்தத் துறைக்கு வெளியே உள்ளவர்களும் நம்மவர்களும் இருக்கட்டும். யார்மீது புகாரோ அவரிடமே மதிப்பெண்ணுக்கு நிற்க வைத்துவிட்டு 'பயப்படாமல் சொல்' என்பது ஏமாற்று. 2017இல் ஜெனீவாப் பிரகடனத்தைத் திருத்தியபோது, மாணவருக்கு உரிய மரியாதையையும் மருத்துவர் தன் உடல்நலத்தைக் கவனிப்பதையும் அதில் சேர்த்தார்கள். உலகமே ஒப்புக்கொண்டதைத்தான் கேட்கிறோம்.

கடைசியாக, படிக்கிற பிள்ளைகளுக்கு. நடந்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். தனியாகப் புகார் கொடுக்காதீர்கள், நாலு பேராகப் போங்கள். சீனியர்கள் முதலாண்டுப் பிள்ளைகளை முதல் வாரமே தேடிப்போய்ப் பாருங்கள். ஒரு பாடம் போனால் வீட்டு மானம் போய்விடாது என்று அப்பா அம்மாவிடம் நாங்கள் பேசுகிறோம், அது எங்கள் வேலை. மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கு ராத்திரியிலும் பேசலாம். வார்டைப் பெருக்குகிற அம்மாவை 'ஏய்' என்று கூப்பிடாதீர்கள். அவர் பெரும்பாலும் நம்ம தெருக்காரர். நீங்கள் டாக்டராகி வருவதை அவர்தான் முதலில் பார்க்கப் போகிறார்.

வருகிற கல்வியாண்டு தொடங்கும் முன் இந்த நான்கு கோரிக்கைகளையும் மனுவாக எழுதி டீனிடமும் கலெக்டரிடமும் கொடுப்போம். மனுவை எழுதித் தருகிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்து நீங்கள் போட வேண்டும்.